பார்வையற்றவரின் போனும் காரின் ஸ்பீக்கரும்



சென்ற மாதம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மருத்துவப் பரிசோதனைக்காக ஐந்து பேரை நமது அறக்கட்டளை வேனில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அவர்களில் ஒருவர் இரு கண்ணும் தெரியாத சகோதரர். வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் இருக்கும். திடீரென்று வேனின் நான்கு ஸ்பீக்கரிலும் ஒரு பெண் குரல், "உங்கள் மகளின் கல்விக் கட்டணத்துக்கான ஜகாத் தொகை" என்று ஆரம்பித்து, தொகையையும் சொல்லி முடித்தது. அந்தச் செய்தியை அனுப்பியது வேறு யாருமல்ல, நமது அலுவலகம்தான். அன்று காலை கணக்கு முடித்த கையோடு அனுப்பியிருந்தோம். வண்டியில் இருந்தவர்கள் அனைவரும் அதே மஹல்லாவைச் சேர்ந்தவர்கள். மருத்துவமனை வரும்வரை யாரும் பேசவில்லை.

அந்தச் சகோதரர் மறுநாள் நம்மிடம் வந்து, "காக்கா, வாங்கியதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதைச் சொல்வதா வேண்டாமா என்பது என் கையில் இருந்திருக்க வேண்டும்" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஏன் இப்படி ஆனது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கண் தெரியாதவர் எப்படி டச் போன் பயன்படுத்துகிறார் என்று இன்னும் பலர் நம்மிடம் கேட்பதுண்டு. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பு வசதி உள்ளேயே இருக்கிறது. இரண்டும் 2009-லேயே வந்துவிட்டன. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதைக் குரலில் சொல்லும். தமிழிலும் சொல்லும். வரும் குறுஞ்செய்தி, வங்கித் தகவல், தட்டும் ஒவ்வொரு எழுத்து, எல்லாமே குரல்தான். நமக்குத் திரை எதுவோ, அவருக்கு அந்தக் குரல் அது.

இனி ப்ளூடூத்துக்கு வருவோம். ஒரு போனைக் காரின் ஆடியோவுடன் ஒருமுறை இணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சாவியைத் திருப்பியதும், யாரையும் கேட்காமல், தானாகச் சேர்ந்துகொள்ளும். நம் விஷயத்தில் நடந்ததும் அதுதான். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பயணத்தில் ஓட்டுநர் தம்பியின் போனில் சார்ஜ் தீர்ந்துபோக, இந்தச் சகோதரரின் போனை இணைத்து பயான் கேட்டிருக்கிறார்கள். பிறகு இருவருமே அதை மறந்துவிட்டார்கள். வண்டி மறக்கவில்லை.

இணைப்பு ஏற்பட்டால் போனில் சின்னதாக ஓர் அடையாளம் தெரியும், காரின் திரையில் போனின் பெயர் வரும். கண் உள்ளவர் பார்த்துக்கொள்வார். பார்வையற்றவருக்கு அதைச் சொல்ல வேண்டிய குரலே இடம் மாறிப் போய்விடுகிறதே!

இதைவிடச் சிரமமான நிலை ஒன்று உண்டு. ஓட்டுநர் எஃப்.எம். ரேடியோ வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். போன் காருடன் இணைந்திருக்கும்; குரலையும் காருக்கு அனுப்பும்; ஆனால் கார் ரேடியோவைத்தான் ஒலிக்கும். திரைவாசிப்புக் குரல் போனிலும் வராது, காரிலும் வராது. போன் முழுக்க ஊமையாகிவிடும். வாடகைக் காரில் தனியாகப் போகும் ஒருவருக்கு, எங்கே போகிறோம் என்று பார்க்கவும் முடியாது, வீட்டுக்கு அழைக்கவும் வழி தெரியாது. போன் பழுதாகிவிட்டதென்று அதை அணைத்து அணைத்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

காரில் குரல் கேட்டாலும் தொல்லை தீர்வதில்லை. ப்ளூடூத் வழியாக ஒலி போய்ச் சேரச் சற்று தாமதமாகும். பாட்டுக்கு அது தெரியாது. எழுத்து எழுத்தாகக் கேட்டுத் தட்டுகிறவருக்கு, விரல் ஓரிடத்தில், குரல் ஓரிடத்தில். மேலும், சிறிது நேரம் சத்தமில்லாமல் இருந்தால் அந்த இணைப்பு உறங்கிவிடும். மறுபடி எழும்போது முதல் அசை விழுங்கப்படும். நான்கு இலக்க ஓ.டி.பி.யில் முதல் எண் காணாமல் போனால் என்ன பயன்? மிச்ச மூன்றும் வண்டியில் உள்ள அனைவருக்கும் கேட்டிருக்கும், அது வேறு.

என்ன செய்யலாம்? காரின் இணைப்பில் அழைப்புக்கு ஒரு பாதை, பாட்டு முதலான மற்ற ஒலிகளுக்கு ஒரு பாதை என்று இரண்டு இருக்கின்றன. திரைவாசிப்புக் குரல் பொதுவாக இந்த இரண்டாவது பாதையில்தான் போகிறது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் சென்று, இணைக்கப்பட்ட சாதனங்களில் காரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கர அடையாளத்தைத் திறந்தால், இவ்விரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் சற்று மாறலாம். மீடியா ஆடியோ என்பதை அணைத்துவிட்டால் குரல் போனுக்கே திரும்பிவிடும். ஆனால் அழைப்பு வந்தால் அது காரில்தான் கேட்கும்; மனைவி பேசுவதை ஊரே கேட்க வேண்டாமென்றால் இரண்டையும் அணைப்பது நல்லது. அல்லது அந்தக் காரையே போனிலிருந்து நீக்கிவிடலாம். நம் கருத்தில் பயணியாக மட்டும் போகிறவர் நீக்கிவிடுவதே மேல்.

ஐபோனில் ப்ளூடூத் பட்டியலில் காரின் பெயர் அருகே உள்ள தகவல் பொத்தானைத் திறந்து, சாதனத்தை மறக்கச் செய்யும் வசதியைத் தட்ட வேண்டும். கட்டுப்பாட்டு மையத்தில் ப்ளூடூத்தைத் தட்டி அணைப்பது மறுநாள் வரைதான் செல்லும்; அதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

இவையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை. ஓடும் வண்டியில் போன் ஊமையானால் முதலில் ஓட்டுநரிடம் சொல்லுங்கள்: "என் போன் உங்கள் காரில் மாட்டியிருக்கிறது, ப்ளூடூத்தை நிறுத்துங்கள்." இதில் கூச்சம் வேண்டாம். கையில் வயர் இயர்போன் இருந்தால் அதைச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் குரல் அதற்கு வந்துவிடும். வயர் இயர்போன் வாங்குவது இப்போது பழைய பழக்கமாகத் தெரியலாம். பார்வையற்ற பயணியின் சட்டைப் பையில் அது இருக்கத்தான் வேண்டும். ஒரு காதில் மட்டும் வைத்தால் போதும். மற்றக் காது வண்டிக்கும் சாலைக்கும் வேண்டும். வரைபடச் செயலியைத் தன் போனில் ஓடவிட்டு, வண்டி சரியான வழியில்தான் போகிறதா என்று அந்த ஒரு காதிலேயே அவர் கவனித்துக்கொள்ளவும் முடியும்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இணைக்கும்போது பல கார்கள் போனில் உள்ள பெயர்களையும் அழைப்பு விவரங்களையும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கும். உதவி செய்கிறேன் என்று பார்வையற்றவரின் போனை வாங்கி, அவரிடம் கேட்காமலே சம்மதம் தட்டிக் கொடுக்கிறோம். அவர் வீட்டுப் பெண்களின் எண்கள் நம் காரின் திரையில் வந்து நிற்கும். கேட்டுச் செய்யுங்கள்; அவர் இறங்கிய பிறகு காரின் பட்டியலிலிருந்தும் அவருடைய போனை நீக்குங்கள்.

நமது வேனில் இருந்த பழைய இணைப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டோம். ஓட்டுநரின் போன் தவிர வேறெதையும் இனி அதில் இணைப்பதில்லை. உதவி பெறுவோருக்கு நாம் அனுப்பும் செய்தியில் ஜகாத், ஸதகா என்ற சொல்லும் தொகையும் இடம்பெறாது. "அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும்" என்பது மட்டும் இருக்கும். அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, முதலில் ஓட்டுநர் தம்பிக்கு இதையெல்லாம் தாமே சொல்லித்தருவதாகச் சொன்னார். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் வேன் அலுவலக வாசலில் நிற்கும், அவரும் இருப்பார். திரைவாசிப்பு பயன்படுத்துவோர் தங்கள் போனுடன் வரலாம். அவர்களை ஏற்றிச் செல்கிறவர்களும் கூடவே வந்தால் நல்லது.