கீழ்ப்படிந்தால் காசு கொட்டுமா? பைபிள் சொல்வது என்ன?

சம்பளம் கிரெடிட் ஆனதும் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கைக்கு எடுத்துவைப்பவர்கள் நிறைய பேர். அதில் தப்பே இல்லை. கூடவே வரும் கணக்கில்தான் சிக்கல்: கடவுளுக்குக் கீழ்ப்படிகிறவர் கடனாளி ஆகமாட்டார், கடன் இருந்தால் எங்கோ கீழ்ப்படியாமை இருக்கிறது. வேலை போனவரும் இ.எம்.ஐ. தவறியவரும் இதைக் கேட்டால், பணக் கவலையோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதுதான். பெர்சனல் லோன் போட்டுக் காணிக்கை கொடுக்கிற அளவுக்கும் இது கொண்டுபோய் விடலாம்.

இந்தக் கணக்குக்கு ஆதாரமாக அதிகம் காட்டப்படுவது உபாகமம் 28-ம் அதிகாரம். கத்தோலிக்கப் பதிப்பில் இதன் பெயர் இணைச் சட்டம். சொல் கேட்டால் வயல், மாடு, களஞ்சியம் எல்லாம் செழிக்கும், நீ கடன் கொடுப்பாய், வாங்கமாட்டாய் என்கிறது அது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் முதல் 14 வசனங்கள். அதிகாரத்தில் மொத்தம் 68 வசனங்கள். மீதி 54-ம் கீழ்ப்படியாவிட்டால் வரும் சாபங்கள். அதை யாரும் குட்மார்னிங் மெசேஜாக அனுப்புவதில்லை!

இந்த அதிகாரத்தில் ‘நீ’ என்பது யார்? பூமியின் மற்ற எல்லா இனங்களுக்கும் மேலாக உன்னை வைப்பேன் என்று முதல் வசனமே சொல்கிறது. அப்படியென்றால் ‘நீ’ ஒரு தனி ஆள் இல்லை, ஒரு மொத்த சமூகம்.

கீரனூரில் நின்று படித்தால்...

இந்த வாக்குறுதி எந்த மண்ணில் பிறந்தது என்பது புரிய, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர் நல்ல இடம். குளத்தூர் தாலுகாவின் தலைமையிடம். திருச்சி–புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்குப் பைபிள் புதிதும் அல்ல. பக்கத்து ஆவூரில் 1697-லேயே பூஷே அடிகளார் தேவாலயம் எழுப்பினார். வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றியவர்.

வடக்கே திருச்சியில் காவிரி ஓடுகிறது, கிழக்கே தஞ்சை டெல்டா. கீரனூர்ப் பக்கமோ வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால் நடவு. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021-ல் இந்த மாவட்டத்தில்தான் அடிக்கல் நாட்டினார்கள் என்பதே இங்கே தண்ணீருக்கு இருக்கும் ஏக்கத்தைச் சொல்லிவிடும்.

இப்போது உபாகமம் 11-ம் அதிகாரத்தைப் பாருங்கள். நீங்கள் விட்டு வந்த எகிப்து, காலால் நீர் பாய்ச்சிய நிலம். போகப்போகும் நாடு வானத்து மழையைக் குடிக்கிற நிலம் என்று மோசே பிரித்துச் சொல்கிறார். நம்ம ஊர்க் கணக்கில் எகிப்து என்றால் டெல்டா, கானான் என்றால் கீரனூர். ஆற்றுப் பாசனம் இல்லாத மக்களிடம், சொல் கேட்டால் முன்மாரியும் பின்மாரியும் வரும், கேட்காவிட்டால் வானம் அடைபடும் என்கிறது வேதம். மழை ஒருவர் வயலுக்கு மட்டும் தனியாகப் பெய்யாது. குடிமராமத்து செய்து கண்மாயைத் தூர்வாரிய ஊர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பெய்தாலும் பொய்த்தாலும் ஊருக்கே. இந்தப் பொது ஒப்பந்தத்தைத் தனி ஆளின் பேங்க் பேலன்ஸாக மாற்றியது ரொம்பப் பின்னால் நடந்தது. காணிக்கையை விதையாகப் பார்க்கும் போக்குக்கு அமெரிக்கப் போதகர் ஓரல் ராபர்ட்ஸ் முக்கியக் காரணம். 1970-ல் இதற்கென்றே புத்தகம் எழுதினார். திருச்சபைகள் எல்லாம் இதை ஏற்கவில்லை. 2010-ல் கேப் டவுனில் கூடிய லோசான் மாநாடு செழிப்பு உபதேசத்தை நிராகரித்தது. 2018-ல் ரோமிலிருந்து வரும் இயேசு சபையின் ‘சிவில்த்தா கத்தோலிக்கா’ இதழும் இதைக் கடுமையாக விமர்சித்தது.

வேதமே போட்ட சண்டை

செழிப்பு உபதேசத்துக்கு மிகப் பெரிய எதிர்வாதம் பைபிளுக்கு உள்ளேயே இருக்கிறது. யோபு குற்றமற்றவர் என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் அவருடைய 7,000 ஆடுகளும் 3,000 ஒட்டகங்களும் பிள்ளைகளும் போய்விடுகிறார்கள். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், ‘நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்’ என்ற தொனியில் அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது யோபு மேல் அல்ல, இந்த நண்பர்கள் மேல். ‘கடைசியில் யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்ததே’ என்று கேட்கலாம். உண்மைதான், ஆடுகள் 14,000 ஆயின. ஆனால் அதற்கு முன்பே, ஒன்றும் திரும்பி வராத நிலையில், அவர் சரியாகப் பேசினார் என்று தீர்ப்பு வந்துவிட்டது.

இந்தக் கேள்வி ஒரு மதத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. செல்வம் வந்தால் ‘இறைவன் என்னைக் கௌரவித்தான்’ என்றும், குறைந்தால் ‘அவமதித்துவிட்டான்’ என்றும் நினைக்கும் மனிதனைக் குர்ஆனின் 89-வது அத்தியாயம் மறுக்கிறது. மறுத்த கையோடு, நீங்கள் அநாதைகளை மதிப்பதில்லையே என்று கேட்கிறது. இதே மாவட்டத்துக் கொடும்பாளூரை ஆண்ட இடங்கழி நாயனாரின் கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. அடியார்களுக்கு அன்னமிட்டே கையிருப்பு தீர்ந்துபோன ஒருவர், அரசரின் நெற்களஞ்சியத்தில் திருடிப் பிடிபடுகிறார். காரணம் கேட்ட அரசர் அவரைத் தண்டிக்கவில்லை. அடியார்கள் வந்து அள்ளிக்கொள்ளட்டும் என்று பண்டாரத்தையே திறந்துவிடுகிறார். பக்தி இங்கே ஒருவரை ஏழையாக்குகிறது, இன்னொருவரின் கஜானாவைக் காலியாக்குகிறது.

தசமபாகம் என்ன ஆகிறது?

பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து என்னைச் சோதித்துப் பாருங்கள் என்கிறது மல்கியா 3:10. அங்கே கேட்கப்படுவது ஆலயத்தின் பண்டசாலையில் இருக்க வேண்டிய உணவு. உபாகமம் 14-ன்படி மூன்றாம் ஆண்டுத் தசமபாகம் லேவியருக்கும் அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் போகிறது. 15-ம் அதிகாரத்தில் ஏழாம் ஆண்டில் கடன் தள்ளுபடி. கீழ்ப்படிதல் என்று இந்தப் புத்தகம் பட்டியல் போடுவதில் கணிசமானவை இப்படிப்பட்ட பணச் சட்டங்கள்; அதிலும், கொடுக்கிற இடத்தில் இருப்பவருக்கானவை.

அடுத்தமுறை 28-ம் அதிகாரம் ஃபார்வர்டாக வந்தால், நாலு அதிகாரம் முன்னே போய் 24:15-ஐயும் படித்துப் பாருங்கள். கூலிக்காரரின் கூலியை அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது: அவர் ஏழை, அந்தக் கூலியை நம்பித்தான் இருக்கிறார்.