வெந்நீர்த் தாங்கியும் மிகுவெப்பமும்

கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் கற்ற வெப்பவிரிவு வீட்டுக் கூரையிலும் தன் தொழிலைச் செய்கின்றது. மின்சார வெந்நீர்த் தாங்கியில், குறித்த வெப்பநிலை எய்தியதும் வெப்பநிலைநிறுத்தி மின்னைத் துண்டிக்கும். சூரியவெப்பத் தாங்கியிலோ ஆதவனை நிறுத்தும் ஆளி கிடையாது. நீரை எடுத்துப் பயன்படுத்துவதே வெப்பம் மிகாதிருக்க வழி.

வவுனியாவிலுள்ள ஒரு குடும்பத்தார் வைகாசிப் பொங்கலுக்கென வற்றாப்பளைக்குச் சென்று சில நாள் தங்கிவிடின், எடுக்கப்படாத நீர் நாடோறும் சூடேறிக் கொதிநிலையை அணுகலாம். 150 லீற்றர் நீர், 30 பாகை செல்சியசிலிருந்து 90 பாகைக்கு உயரின், ஏறக்குறைய 5 லீற்றர் விரியும். அவ்விரிவும் ஆவியும் வெளியேறுதற்கே காற்றுக்குழாயும் காவல் வால்வும் அமைந்துள்ளன. நீர் சொட்டுகின்றதென்று அவற்றை அடைப்போர், தாங்கி வெடித்தற்கு வழிசெய்வோராவர். வன்னியிற் பல கிணறுகளின் நீர் வன்னீராதலின், சுண்ணாம்புப் படிவும் வால்வை இறுகச் செய்யும். ஆண்டுதோறும் அதனைச் சோதித்தல் வேண்டும்.

பயணம் புறப்படுமுன், வெப்பமேற்கும் கண்ணாடிக் குழாய்களைக் கிடுகினால் மூடிவைத்தல் நன்று. நீரின்றிக் காய்ந்த குழாய்களில் நண்பகலிற் குளிர்நீர் விட்டாற் கண்ணாடி உடையும். அதிகாலையில் நிரப்புதலே முறை.

60 பாகை நீர் சில வினாடிகளிற் குழந்தையின் தோலை வேகச் செய்யும். ஆதலின், வெந்நீரோடு தண்ணீரை அளவாகக் கலந்துவிடும் வால்வொன்றைக் குளியலறைக் குழாய்க்கு முன் பொருத்துவோமாக. அதன் விலை சிறிது; அது காக்கும் உயிரோ பெரிது.