பழைய படத்தில் ஒரு மோட்டார் வண்டி

நம் இல்லங்களில் பழைய புகைப்படத் தொகுப்பு ஒன்று இருக்குமாயின், அதன் ஏதோவொரு பக்கத்தில் மோட்டார் வண்டி ஒன்றும் நின்றுகொண்டிருக்கும். வண்டி நம் குடும்பத்துக்குச் சொந்தமானதாக இருக்கவேண்டும் என்பதில்லை. அது யாருடையதோ, அதன் மட்கார்டின்மேல் கைவைத்து மிடுக்காக நிற்பவர் மட்டுமே நம்மவர்.

இத்தகைய படங்களைப் பலர் இப்போது முகநூல் முதலிய சமூக வலைத்தளங்களில் வெளியிட்டு மகிழ்கின்றனர். பழைய கார்களின் வரலாற்றில் ஈடுபாடு கொண்டோர் அங்கே குழுக்களாகக் கூடியிருக்கின்றனர். ஒரு படத்தை இட்டு, "இஃது எந்த வண்டி? எந்த ஆண்டைச் சேர்ந்தது?" என்று கேட்டால், முன்பின் அறியாத ஒருவர் தொலைதூர நாட்டிலிருந்து விடையளிக்கிறார். கைப்பேசியில் கழியும் பொழுதுகளுள் இது பயனுள்ளது என்றே கருதுகிறோம்.

வண்டியைக் கண்டு ஆண்டைக் கூறுவது எங்ஙனம்? ஃபோர்டு கம்பெனியின் 'டி' மாடல் காரையே எடுத்துக்கொள்வோம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். உற்று நோக்குவோருக்கு அப்படியன்று. முகப்பிலுள்ள ரேடியேட்டர் பித்தளையாய்ப் பளபளத்தால் வண்டி 1916-க்குப் பிற்பட்டதன்று. அடுத்த ஆண்டு மாடலிலிருந்து அதற்குக் கறுப்பு உறை வந்துவிட்டது. முன்விளக்குகள் பித்தளையாலான கார்பைடு விளக்குகளாயின், இன்னும் முந்தியது. 1915-ஆம் ஆண்டு மாடலிலிருந்துதான் மின்விளக்குகள் வந்தன. எஞ்சினை ஹேண்டிலால் சுற்றிக் கிளப்பும் வேலை 1919-இல் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபின் குறையலாயிற்று. ஆயினும் ஹேண்டில் முன்புறம் தொங்கிக்கொண்டேயிருந்தது. ஆகவே அதைக் கொண்டு ஏதும் முடிவுகட்ட இயலாது. மேலும், வண்டி சொல்வது படம் எந்த ஆண்டுக்கு முன் எடுக்கப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே. 1914-இல் வாங்கிய காரை 1930 வரை ஓட்டிய சிக்கனக்காரர் எந்த நாட்டிலும் உண்டு.

வண்ணத்தைப் பற்றியும் கூறவேண்டும். 'டி' மாடல் என்றாலே கறுப்பு என்பர் பலர். தொடக்க ஆண்டுகளில் சிவப்பு, சாம்பல், பச்சை, கருநீலம் ஆகிய நிறங்களில் அவ்வண்டி வந்தது. 1913-இல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசைமுறை ஏற்பட்டது. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்தி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது போய், மறு ஆண்டில் 93 நிமிடங்களே போதுமாயின. அவ்வேகத்துக்கு ஒரே வண்ணம் வசதியாயிற்று. 1914 முதல் 1925 வரை எல்லாம் கறுப்புத்தான். விலையும் இறங்கியது. 1908-இல் 850 டாலர். 1925-இல் இருவர் அமரும் வகை 260 டாலர்.

இன்றோ 1920-ஆம் ஆண்டுப் படத்திலுள்ள அதே காருக்குக் கணிப்பொறி செந்நிறம் பூசிவிடுகிறது. ஆயிரக்கணக்கானோர் அதைக் கண்டு வியந்து பிறருக்கும் அனுப்புகின்றனர். காரின் நிறம் தவறினால் போகட்டும் என்று விடலாம். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் கருவிகள், இல்லாத கண்ணிமைகளையும் இதழோரத்துச் சிரிப்பையும் தாமே கற்பித்து வைக்கின்றன. நம் பாட்டனார் என்று நாம் கண்டு உருகும் அம்முகம் உண்மையில் எவருடையதுமன்று. அந்த மங்கலே மேல் என்போம்.

இதற்கு மாறாக, வலைத்தளத்தால் விளைந்த நன்மையும் உண்டு. 2008-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஏறத்தாழ 3,000 பழைய படங்களை ஃபிளிக்கர் தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அவற்றுள் 1910-களின் செய்திப்படங்களும், 1939-க்குப் பின் வண்ணச்சுருளிலேயே எடுக்கப்பட்ட படங்களும் இருந்தன. பார்த்தவர்கள் இடத்தையும் ஆட்களையும் அடையாளம் கண்டு எழுத, நூலகத்தார் அவற்றைச் சரிபார்த்துத் தம் பதிவேடுகளைத் திருத்திக்கொண்டனர்.

நம் ஊர்ப் பக்கத்துப் படமொன்றில் 'டி' மாடல் கார் இருந்தால், ஸ்டியரிங் எப்பக்கம் என்று பாருங்கள். வலப்பக்கமாயின், அது பெரும்பாலும் கனடாவில் செய்யப்பட்டதாயிருக்கும். இங்கிலாந்து நீங்கலாகப் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளுக்கு வண்டி அனுப்பும் உரிமை ஃபோர்டின் கனடாக் கிளைக்கே இருந்தது. ஆனால் எதிர்மறையாக அச்சிட்ட படத்தில் இடம் வலமாகிவிடும். வண்டியின் எண்பலகையையோ சட்டைப் பொத்தான்களையோ பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

படத்தை அனுப்பும்போது அதன் பின்புறத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் சிலவேளை காரைவிட மிகுதியாகப் பேசும். முன்புறத்தில் எதையும் திருத்தவேண்டாம். வண்டியின் பெயரும் ஆண்டும் ஓரிரு நாள்களில் கிடைத்துவிடக்கூடும். மட்கார்டின்மேல் கைவைத்து நிற்பவர் யார் என்பதை மட்டும் அக்குழுவில் ஒருவரும் சொல்லமாட்டார். அதனை வீட்டிலுள்ள பெரியவரிடம், அவருக்கு நினைவு தெளிவாயிருக்கும் காலையொன்றில், படத்தைக் கையில் கொடுத்துத்தான் கேட்கவேண்டும்.