டயாலிசிஸ் நோயாளிகளே உஷார்! குளிர்க்காய்ச்சலை 'களைப்பு'னு விட்டுடாதீங்க

பெரம்பலூர்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாரம் 2, 3 தடவை பஸ் பிடித்துப் போய் டயாலிசிஸ் செய்து வருபவர்கள் பலர். உலக அளவில் டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் இதய நோய்க்கு அடுத்த இடம் கிருமித்தொற்றுக்குத்தான்.

அதில் ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டை வலி, சீழ்ப்புண் உண்டாக்குற சாதாரண கிருமிதான். ஆனால் ரத்தத்தில் கலந்துட்டால் ஒரே நாளில் கூட ஆளைச் சாய்த்துவிடும். ஜப்பானில் 2023-ல் இதன் கடுமையான வகை 941 பேரைத் தாக்கியது. 2024-ல் ஜூன் தொடக்கத்திலேயே அது 977 ஆனது.

எப்படி நுழையுது?

கையில் பிஸ்டுலா ஊசி குத்தும் இடம், கழுத்தில் போட்ட டியூப், கால் வெடிப்பு, சர்க்கரைப் புண் எல்லாமே கிருமிக்கு வாசல்தான். கழுத்து டியூப்பில் ஆபத்து ரொம்ப அதிகம். பருத்தி, மக்காச்சோளக் காட்டில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு காலில் முள் குத்தினதே தெரியாது.

'செப்டிக் ஷாக்' என்றால் என்ன?

கிருமியோடு உடம்பு போடும் சண்டையில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து பி.பி. மளமளவென இறங்கும். மூளை, இதயம், ஈரலுக்கு ரத்தம் போதாது. இதுதான் செப்டிக் ஷாக்.

மற்றவர்களுக்கு சிறுநீர் குறைவதை வைத்து இதை சந்தேகிக்கலாம். டயாலிசிஸ் நோயாளிக்கு ஏற்கனவே சிறுநீர் சரியாகப் போகாது. டயாலிசிஸ் முடிந்ததும் பி.பி. இறங்குவதும், அசதியும் வழக்கம். சிலருக்கு காய்ச்சலே பெரிசா அடிக்காது. அதனால் வீட்டில், 'டயாலிசிஸ் களைப்பு, தூங்கட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் உயிர் போகுது.

இதெல்லாம் இருந்தால் ஓடுங்க

* நடுக்கத்தோடு குளிர்
* பிஸ்டுலா, டியூப் பக்கத்தில் சிவப்பு, வீக்கம், சீழ்
* கை, காலில் தாங்க முடியாத வலி
* வேகமான மூச்சு, பிதற்றல்

மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஒப்பேற்ற வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கசுக்கு பென்சிலின் வகை மருந்து நன்றாகவே கேட்கும். ஆனால் நேரத்தோடு நரம்பில் ஏற வேண்டும். ரத்தத்தை கல்ச்சர் டெஸ்டுக்கு எடுத்துவிட்டு உடனே மருந்தை ஆரம்பிப்பார்கள். குளுக்கோஸ் பாட்டிலையும் அளவு பார்த்துத்தான் ஏற்றணும். சிறுநீர் போகாதவருக்கு அதிகமானால் நுரையீரலில் நீர் கோர்த்துக்கொள்ளும்.

ஆகவே 108-க்கு போன் போட்டதும் முதலில் சொல்ல வேண்டியது, 'இவர் டயாலிசிஸ் பேஷன்ட்' என்பதைத்தான். டயாலிசிஸ் நோட்டையும் மறக்காமல் கையோடு எடுத்துப்போங்க.