மாநிலக் கல்லூரியில் சேரணுமா? போனிலேயே தொடங்குங்க!

சென்னை மெரினாவில், கடலைப் பார்த்தபடி நிற்கும் சிவப்புக் கட்டடம்தான் மாநிலக் கல்லூரி. 1840-ல் பள்ளியாகத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகமே 1857-ல்தான் வந்தது. சர் சி.வி.ராமன் இங்கே படித்தார்; உ.வே.சாமிநாதையர் இங்கே தமிழ் கற்பித்தார். இவ்வளவு பெரிய பெயர் உள்ள கல்லூரியில் நமக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று தயங்காதீங்க. இது அரசுக் கல்லூரி. பிளஸ் 2 மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும்தான் இங்கே இடத்தைத் தீர்மானிக்கின்றன, சிபாரிசு அல்ல.

ஆனால், நல்ல மார்க் இருந்தும் சிலர் இடத்தைத் தவறவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் சின்ன விஷயம்தான்: கையில் இல்லாத சான்றிதழ், கவனிக்காத குறுஞ்செய்தி.

எப்படி விண்ணப்பிப்பது?

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கென்று உள்ள டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில் பதிவு செய்யுங்க. ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். கட்டணம், கடைசித் தேதி ஆகியவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்க. போன் இல்லாதவர்கள் அரசுக் கல்லூரிகளில் உள்ள உதவி மையத்துக்குப் போகலாம்.

இதில் மூன்று விஷயம் முக்கியம்:

• உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும் போன் எண்ணையே கொடுங்க. பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைக் கொடுத்தால், கலந்தாய்வுச் செய்தி அவருக்குத்தான் போகும்.
• பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும்.
• சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மூலம் இப்போதே விண்ணப்பியுங்க. மே, ஜூன் மாதங்களில் கூட்டம் அதிகம்.

ரேங்க் எப்படி?

பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் பார்க்கப்படும். மற்ற படிப்புகளுக்கு மீதி நான்கு பாடங்களின் மொத்தம், அதாவது 400-க்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள் போன்றோருக்குச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலில் நடக்கும். அந்தத் தேதியைத் தனியாகக் குறித்து வையுங்க. செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே மாநிலக் கல்லூரியில் பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உள்ளன.

கலந்தாய்வுக்கு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலோடும் நகலோடும் நேரில் போகணும். அன்று வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். "பணம் கொடுத்தால் சீட் வாங்கித் தர்றேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க.

சேர்ந்த பிறகு

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். வெளியூர்க்காரர்கள் விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்கணும். இடம் குறைவு என்பதால் சேர்ந்த உடனே கேளுங்க.

6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால், கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்க. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும்.

முதல் சுற்றில் பெயர் வரவில்லையா? சோர்ந்து போகாதீங்க. காலியிடங்களுக்கு அடுத்தடுத்த சுற்றுகள் நடக்கும். இணையதளத்தைத் தினமும் ஒருமுறை திறந்து பாருங்க.