எரித்தால் அழியுமா பிளாஸ்டிக்?

கேமரன் மலையில் விடியற்காலைக் குளிர் மிகுதி. தேயிலைத் தோட்டத்து லயங்களில் விறகடுப்பு மூட்டுவோருக்கு ஈர விறகு எளிதில் பற்றுவதில்லை. அவ்வேளையில் பிளாஸ்டிக் பை ஒன்றைச் சுருட்டி விறகின் அடியில் வைத்துக் கொளுத்துவது சிலரின் வழக்கம். மாலையில் வீட்டின் பின்புறம் குப்பையைக் குவித்துத் தீயிடுவதும் உண்டு. இவ்வழக்கங்கள் பால்மரத் தோட்டங்களுக்கும் புதியவை அல்ல. எரித்துவிட்டால் குப்பை ஒழிந்தது என்று எண்ணுகின்றோம். அது ஒழிவதில்லை, புகையாக மாறி நம் மூச்சினுள் நுழைகின்றது.

பிளாஸ்டிக் பெரும்பாலும் நிலத்தடி எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் செய்யப்படுவது. முழுவதும் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கை 1907ஆம் ஆண்டில் லியோ பேக்லாண்டு என்னும் வேதியியல் அறிஞர் உருவாக்கினார். நீங்கள் நாள்தோறும் சேகரிக்கும் மரப்பாலும் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனதே. ஆயினும் அஃது இயற்கை தந்த பொருளாதலின், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். பிளாஸ்டிக் பையை அவை எளிதில் தீண்டுவதில்லை. வெயில் பட்டால் அது நொறுங்கிக் கண்ணுக்குப் புலப்படாத துகள்களாகும். ஆனால் மண்ணோடு மண்ணாகி மறைந்துவிடாது.

அதனை எரித்தால் என்ன நேரும்? பிளாஸ்டிக் குப்பை அரைகுறையாக எரியும்பொழுது கரிப்புகையும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் வெளிப்படுகின்றன. தண்ணீர்க் குழாயிலும் மின்கம்பியின் மேலுறையிலும் உள்ள பி.வி.சி. இதனினும் கொடியது. செம்பை எடுப்பதற்காக மின்கம்பியை எரிப்பவர், தம் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் அமில ஆவியைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றார். அப்புகையில் டையாக்சின் என்னும் நஞ்சும் தோன்றக்கூடும். டையாக்சின் வகைகளுள் மிகக் கொடிய ஒன்று மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று 1997ஆம் ஆண்டில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. இந்நஞ்சு மண்ணில் படியும். அம்மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டைக்கும் செல்லும். பள்ளத்தாக்குகளில் குளிர்ந்த காற்று அசையாது தங்கும் காலை நேரங்களில் புகை மேலெழாமல் வீடுகளைச் சூழ்ந்து நிற்கும். கைக்குழந்தைகளும் முதியோரும் ஆஸ்துமா நோயாளிகளுமே முதலில் துன்புறுவர்.

இஃது ஏட்டளவில் உள்ள அச்சமன்று. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்தபொழுது, அக்கழிவில் பெரும்பங்கு நம் நாட்டிற்கு வந்தது. சிலாங்கூரின் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் உரிமமற்ற தொழிற்கூடங்கள் அதனை எரித்தன. இரவு நேரப் புகையால் மூச்சுத் துன்பம் உண்டாவதாக மக்கள் முறையிட்டனர். அதன் பின்னரே அவற்றுள் பல மூடப்பட்டன.

எரிக்காமல் ஆற்றில் எறிவதும் தீர்வாகாது. கேமரன் மலையின் பெர்த்தாம் ஆறு, 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் சேர்கின்றது. மலைச்சரிவிலிருந்து அரித்து வரும் மண்ணோடு குப்பையும் அந்நீரில் வந்து சேர்கின்றது. அணைக்குக் கீழே பெர்த்தாம் ஆறு தெலோமோடும், தெலோம் ஜெலாயோடும் கலந்து, பகாங் ஆறாகித் தென்சீனக் கடலை அடைகின்றது. மலையில் எறிந்தது மலையோடு நிற்பதில்லை.

மற்றோர் ஆபத்து நம் வீட்டினுள்ளேயே இருக்கின்றது. புல் மருந்து வந்த பிளாஸ்டிக் கலனைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைப்போர் உளர். இது பெருந்தவறு. மருந்து கலனின் சுவரில் ஊறியிருக்கும். எத்தனை முறை கழுவினும் முற்றிலும் நீங்காது. சிறிதளவு அருந்தினாலும் உயிரைப் பறிக்கவல்ல பாராகுவாட் 2020 சனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் பழைய கலன்கள் எங்கேனும் கிடக்கலாம். பிற நஞ்சுகளும் புழக்கத்தில் உள்ளன. காலியான கலனை மும்முறை அலசி, அலசிய நீரை மருந்துத் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனில் துளையிட்டுத் தோட்டக் கிடங்கில் ஒப்படைத்தல் வேண்டும்.

கொதிக்கும் தேநீரையும் எண்ணெய்க் குழம்பையும் மெல்லிய பையில் கட்டி வாங்குவதையும் குறைத்துக்கொள்க. வெப்பமும் எண்ணெயும் பிளாஸ்டிக்கில் சேர்த்துள்ள இரசாயனங்களை உணவில் இறங்கச் செய்யும். தூக்குச்சட்டி இருக்கப் பை எதற்கு? வெளியே வீசிய கிண்ணத்திலும் பையிலும் மழைநீர் தேங்கினால், டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும் என்பதையும் மறவாதீர்.

அங்ஙனமாயின் குப்பையை என்செய்வது? சமையற்கழிவைப் புதைத்து எருவாக்குக. போத்தல்களையும் கலன்களையும் வகைபிரித்துப் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுக்க. மருந்துக் கலன்களை மட்டும் அவற்றோடு சேர்க்கலாகாது. எஞ்சியதைத் தோட்டத்துக் குப்பைத் தொட்டியில் இடுக. குப்பை அள்ள வண்டி வருவதில்லையெனில், தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டியின் வழியே நிருவாகத்திடம் கேளுங்கள். தொழிலாளர் குடியிருப்பின் துப்புரவு முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வகுத்துள்ளது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதோ 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமாகும்.

தோட்டப் பாட்டாளிகளே! லயத்தின் பின்புறம் எழும் கரும்புகை முதலில் நுழைவது நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான். அந்நெருப்பை இன்றே அணைப்போமாக!