பழந்துணிப் பார்சல்: குறைந்த செலவில், பழுதின்றி



வீட்டில் மூத்த பிள்ளை வளர்ந்துவிட்டது. போன ஆண்டு வாங்கிய பள்ளிச் சட்டை இந்த ஆண்டு தோளில் பிடிக்கிறது. சட்டை கிழியவில்லை, சாயம் போகவில்லை, பொத்தான் ஒன்றுகூட விழவில்லை. அந்த அளவுச் சட்டை போடும் பிள்ளை நம் வீட்டில் இல்லை. ஆனால் தொலைவிலுள்ள தங்கை வீட்டில் இருக்கிறது. "அனுப்பி வைத்தால் அவளுக்குச் செலவு மிச்சமாகுமே" என்று நினைக்கிறோம். நல்ல நினைப்புத்தான்.

கெடாவில் ஒரு தோட்டத்தில் அக்காள் இருக்கிறாள்; ஜொகூரில் ஒரு தோட்டத்தில் தங்கை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அக்காள் 5 கிலோ துணியைத் துவைத்து, மழைக்காலமாதலால் அரை ஈரத்தோடு மடித்து, கிடைத்த பெரிய அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறாள். கட்டணமோ 12 கிலோவுக்கு வாங்கப்படுகிறது. சில நாள் கழித்துத் தங்கை பெட்டியைப் பிரிக்கிறாள். குப்பென்று பூஞ்சண வாடை அடிக்கிறது. வெள்ளைச் சட்டைகளில் கறுப்புப் புள்ளிகள்; எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. கொடுத்தவளுக்குப் பணம் நட்டம். வாங்கியவளுக்கோ, "நமக்கு இதுதான் தகுதி என்று நினைத்துவிட்டாளோ" என்ற மனத்தாங்கல். இந்த இரண்டும் நேராதபடி துணியை எப்படி அனுப்புவது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதல் வேலை, தரம் பிரிப்பது. எல்லாத் துணியையும் பாயில் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இதை என் பிள்ளைக்குப் போட்டு நாலு பேர் நடுவில் அனுப்புவேனா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்புவேன் என்றால் ஒரு பக்கம் வையுங்கள். மாட்டேன் என்றால் அது கைப்பிடித் துணியாகவோ, தரை துடைக்கவோ நம் வீட்டிலேயே பயன்படட்டும். கந்தலைக் காசு கொடுத்து அனுப்புவதில் பொருளில்லை.

அதிகம் பயன்படுவது பள்ளிச் சீருடைதான். தொடக்கப்பள்ளி மாணவருக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும், மாணவியருக்குக் கருநீலப் பினஃபோரும் நாடெங்கும் ஒன்றே. கெடாவில் போட்டது ஜொகூரிலும் செல்லும். பள்ளிச் சின்னத்தையும் பெயர்ப் பட்டையையும் மட்டும் தையல் பிரித்து எடுத்துவிடுங்கள். அறுந்த பொத்தானைத் தைத்து அனுப்புங்கள். ஓர் ஊசி நூல் வேலை, அந்தத் துணி "பழையது" என்ற எண்ணத்தையே மாற்றிவிடும்.

இனி, தோட்டத்தில் இருப்பவர்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. மருந்தடிக்கும்போது போட்ட துணியை, எவ்வளவு புதிதாக இருந்தாலும், யாருக்கும் கொடுக்காதீர்கள். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் நூலுக்குள் ஊறி நிற்கும். ஒருமுறை துவைத்தால் முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதனால் மற்ற மருந்துகள் தீங்கற்றவை என்று ஆகிவிடாது. மருந்தடித்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைப்பதும் தவறு. அதுபோலவே உரச் சாக்கையும் மருந்து வந்த பெட்டியையும் பார்சல் கட்டப் பயன்படுத்தக் கூடாது. அதில் ஒட்டிய தூள் ஒரு குழந்தையின் தோலில் போய்ச் சேரும்.

அடுத்து, துவைப்பது. "கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. வீட்டில் யாருக்காவது சிரங்கோ பேனோ இருந்திருந்தால், 50 டிகிரிக்கு மேல் சூடான நீரில், அதாவது கை வைக்க முடியாத சூட்டில், குறைந்தது 10 நிமிடம் ஊறவைத்துத் துவையுங்கள். சிரங்குப் பூச்சியும் பேனும் அந்தச் சூட்டில் செத்துவிடும். சுடுநீர் தாங்காத துணியென்றால், பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி 2 வாரம் ஒதுக்கி வையுங்கள். மனித உடம்பை விட்டு விலகிய சிரங்குப் பூச்சியும் பேனும் நெடுநாள் உயிர் வாழ்வதில்லை.

துவைத்த பிறகு காயவைப்பது. நம் நாட்டுக் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. கொடியில் கிடக்கும் துணி தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் கழுத்துப்பட்டியிலும், இடுப்பு ரப்பரிலும், பாக்கெட்டின் அடியிலும், தடித்த தையலிலும் ஈரம் ஒளிந்திருக்கும். பையில் அடைத்ததும் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சணமாக முளைக்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. துணியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். பையின் உட்புறத்தில் பனி படர்ந்ததுபோல் நீர்த்துளி தெரிந்தால் துணி இன்னும் காயவில்லை என்று பொருள். மழைக்காலத்தில் இஸ்திரி போட்டுவிட்டால் மிச்ச ஈரமும் போய்விடும். சூட்டோடு சூடாக அடைக்காமல், ஆறவிட்டு மடியுங்கள்.

பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சை உருண்டை போட்டு அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். நாப்தலின் கொண்ட பாச்சை உருண்டையின் வாடை துணியில் ஏறி நிற்கும். 'ஜி6பிடி' என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாடையே இரத்த அணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கிவிடும். இந்தக் குறைபாடு நம் நாட்டில் அரிதன்று. அதனால்தான் பிள்ளை பிறந்தவுடன் மருத்துவமனையில் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த துணி சில நாள் பயணத்தில் பூச்சி அரித்துப் போகாது. உருண்டை தேவையே இல்லை.

இப்போது கட்டணத்துக்கு வருவோம். 5 கிலோ துணிக்கு 12 கிலோ கட்டணம் எப்படி வந்தது? பார்சல் அனுப்பும் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அது வண்டியில் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, வந்த தொகையை 5000 ஆல் வகுக்கிறார்கள். சில இடங்களில் 6000 ஆல் வகுப்பதுண்டு. இதற்குப் பருமன் எடை என்று பெயர். தராசு காட்டும் எடை, பருமன் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

அக்காளின் பெட்டி 50 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 30 உயரம். பெருக்கினால் 60,000. 5000 ஆல் வகுத்தால் 12 கிலோ. உள்ளே பாதிக்கு மேல் வெறும் காற்று! அதே துணியை அழுத்தி 40, 30, 20 சென்டிமீட்டர் அளவில் கட்டியிருந்தால் 24,000, வகுத்தால் 4.8 கிலோ. தராசு எடையான 5 கிலோவுக்கு மட்டும் பணம் கட்டியிருக்கலாம். ஆக, காற்றுக்குக் காசு கொடுக்காமல் இருப்பதுதான் சிக்கனத்தின் சூட்சுமம்.

கட்டும் முறையைச் சொல்கிறேன். முதலில் எல்லாப் பாக்கெட்டையும் தடவிப் பாருங்கள். தீப்பெட்டி, லைட்டர் போன்ற தீப்பற்றும் பொருள்களைப் பார்சலில் அனுப்பக் கூடாது. காசும் வைக்காதீர்கள். ஜிப்பை மூடி, ஊக்குகளைக் கழற்றிவிடுங்கள். சரிகைச் சேலையைச் சரிகை உட்புறம் இருக்கும்படி மடித்து, பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். வெள்ளைத் துணியைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும். கனமான துணியை அடியிலும், மெல்லியதை மேலேயும் அடுக்கி, தடித்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள். அதன்மேல் முழங்காலை ஊன்றி மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்டுங்கள். அதன்மேல் இன்னொரு பை போட்டால், வழியில் மழை நனைத்தாலும் துணி நனையாது.

துணி உடையும் பொருளன்று. அதற்கு அட்டைப் பெட்டி தேவையில்லை. பெட்டி எடையைத்தான் கூட்டும். அஞ்சலகத்தில் விற்கும் பிளாஸ்டிக் உறை போதும். மூட்டை பெரிதானால், நன்றாக உதறிக் கழுவிக் காயவைத்த அரிசிச் சாக்கு போதும். சாக்கு ஏற்றுக்கொள்ளப்படுமா என்று முகப்பில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கயிற்றுச் சுருக்கு எங்காவது மாட்டிக்கொள்ளும். அகன்ற ஒட்டு நாடாவே நல்லது. பழைய உறையைப் பயன்படுத்தினால், அதிலுள்ள முந்தைய முகவரியையும் கோட்டுக்குறிச் சீட்டையும் கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பார்சல் வேறு ஊருக்குப் பயணமாகிவிடும்!

தாய்மனம் சும்மா இருக்காது. "நாலு முறுக்கையும் வைத்துவிடுவோம்" என்று தோன்றும். எண்ணெய் கசிந்து துணி கெடும். எறும்பும் கரப்பானும் தேடி வரும். முறுக்கைத் தனியாக அனுப்புங்கள்.

கட்டணம் எடைப் படியின்படி ஏறுவது. படிக்குமேல் கொஞ்சம் கூடினாலும் அடுத்த படிக்கான கட்டணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே வீட்டிலேயே எடை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தராசு சரியாக இருக்கிறதா என்பதை 1 கிலோ சீனிப் பொட்டலத்தை வைத்துச் சோதிக்கலாம். ஒரு ஜீன்ஸ் காற்சட்டையின் எடையில் மூன்று பனியன் சட்டைகள் போய்விடும். எது தேவையோ அதற்கு முதலிடம் கொடுங்கள். சபா, சரவாக்கிற்கு அனுப்பினால் கட்டணம் அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முகவரியில் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்தப் பிரிவு, வீட்டு எண், பக்கத்து ஊர், 5 இலக்க அஞ்சல் குறியீடு, கைத்தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் குடிபெயர்ந்துவிட்டன. அனுப்புமுன் ஒருமுறை அழைத்து, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். எழுத்தின்மேல் ஒளி ஊடுருவும் நாடாவை ஒட்டினால் மழையில் மை கரையாது. அதே முகவரியை ஒரு தாளில் எழுதிப் பைக்குள்ளும் வையுங்கள். ரசீதைப் பார்சல் போய்ச் சேரும்வரை பத்திரப்படுத்துங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் சுங்கப் படிவத்தில் "அணிந்த துணிகள்" என்று எண்ணிக்கையும் மதிப்பும் உண்மையாக எழுத வேண்டும். இந்தியாவில் 2019 டிசம்பர் முதல், தபாலில் வரும் அன்பளிப்புக்கு இருந்த வரிச்சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. அங்குள்ள உறவினர் வரி கட்ட நேரலாம். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவதே பெரும்பாலும் மலிவு.

கடைசியாக, அந்தத் தாளின் மறுபக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். "இது தம்பிக்கு, இது அவன் தங்கைக்கு, பினஃபோரில் ஓரம் மடித்துத் தைத்திருக்கிறேன், பிரித்து விட்டால் அடுத்த ஆண்டும் போடலாம்" என்று எழுதினால், அது தள்ளிவிட்ட பழந்துணி ஆகாது, அக்காள் தேடித் தேர்ந்து கொடுத்த சீர் ஆகிவிடும். பார்சலைப் பிரிக்கும்போது முதலில் அவர்கள் கண்ணில் படுவது அந்த எழுத்தாக இருக்கட்டும்.